சயாம் பாடம் எப்போது வரும்

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம், ராஜேந்திர சோழன் கடாரத்தை வென்றதற்காக என் வகுப்பில் ஒரு பையனின் மூக்கு உடைந்தது.

சிரிக்காதீர்கள். வரலாறு கற்பிக்க இப்போதுதான் வந்திருக்கிறீர்கள். உங்களுக்கும் ஒரு நாள் இது நடக்கும். ஈப்போவுக்கு வெளியே இருந்த அந்த இடைநிலைப்பள்ளியில் ஒரே வகுப்பில் மலாய்ப் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள், சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த நம் பிள்ளைகள் எல்லாரும் இருந்தார்கள். நான் கடாரத்துக்கு, இன்றைய கெடாவுக்கு வந்த சோழர் கப்பல்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். இருபத்து நான்கு வயது எனக்கு. கப்பல்கள் கடலைப் பிளந்துகொண்டு வருவதை நானே மேல்தளத்தில் நின்று பார்த்தவள் மாதிரி சொன்னேன். கடைசி வரிசையிலிருந்த தமிழ்ப் பையன் பக்கத்திலிருந்த மலாய்ப் பையனிடம் திரும்பி மலாயில், “நாங்கதான் உங்கள ஜெயிச்சவங்க லா” என்றான். அவன் வாயால் பதில் சொல்லவில்லை.

சத்தம் கேட்டு எங்கள் துறைத்தலைவர் வந்தார். யாழ்ப்பாணத்து வம்சம். இரண்டு தலைமுறையாக இங்கே அரசாங்க உத்தியோகத்தில் இருந்த குடும்பம். முதலில் மூக்கைக் கழுவிவிட்டு வரச் சொன்னார். பிறகு இருவரையும் முன்னால் நிறுத்தினார்.

“உன்ரை தாத்தா என்ன வேலை?”

“பால்மரம் வெட்டினாரு, சார்.”

“அப்ப அந்தக் கப்பலிலை உன்ரை ஆக்கள் எங்கை இருந்திருப்பினம்? ராசாவுக்குப் பக்கத்திலையோ, துடுப்புக்குப் பக்கத்திலையோ?”

பையன் ரொம்ப நேரம் யோசித்தான். “துடுப்புதான் சார்.”

அதே கேள்வியை மற்றவனிடம் மலாயில் கேட்டார். அவன் தாத்தாவுக்கு நெல்வயல். “வயல்ல நின்னிருப்பாரு” என்றான். துறைத்தலைவர் இருவரையும் பார்த்தார். “அவை ரெண்டு பேரும் ஆளையாள் கண்டதே இல்லை. நீங்கள் ஏன் இப்ப அடிபடுறியள்?” என்று கேட்டு, இருவரையும் உட்கார வைத்துவிட்டு வெளியே வந்தார். நடையில் என்னிடம் ஒன்று சொன்னார்.

“பிள்ளை, நீர் ராசாவுக்குப் பக்கத்திலை நிண்டு பாடம் சொல்லுறீர். கொஞ்சம் பின்னுக்குப் போய் நிண்டு பாரும்.”

தலையை ஆட்டினேன். புரிந்துவிட்டதாகத்தான் நினைத்தேன். உண்மையில் புரிய நான்கு வருடம் ஆனது. புரிய வைத்தவர் ஆசிரியர் இல்லை. பள்ளியில் கூட்டிப் பெருக்கிய அஞ்சலை அக்கா.

தோட்டத்துப் பிள்ளைகள் ஆறு வருடம் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு எங்களிடம் வருவார்கள். காலை வகுப்பில் வேறு மொழியில் சொல்வது பாதிப் பேருக்கு எட்டாது. அதனால் வாரத்தில் இரண்டு நாள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அன்றைய வரலாற்றுப் பாடத்தைத் தமிழில் மறுபடி சொல்ல ஒரு வகுப்பு நடத்த அனுமதி கேட்டேன். தலைமையாசிரியர் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். பாடத்திட்டத்தில் இருப்பதை மட்டும் சொல்ல வேண்டும். அதைத் தாண்டி ஒரு வரி வந்தாலும் மேலிடத்தில் கேள்வி வரும், வகுப்பை மூடிவிடுவேன் என்றார்.

அந்த மதிய வகுப்பில்தான் அஞ்சலை அக்கா கேட்க ஆரம்பித்தார். அப்போது அவருக்கு ஐம்பதை நெருங்கும் வயது. மெலிந்த உடம்பு, நெற்றியில் பெரிய குங்குமப்பொட்டு. இருந்த தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றபோது தம்பி குடும்பத்தோடு ஈப்போவின் புந்தோங் பகுதிக்கு வந்துவிட்டவர். எங்கள் வகுப்புக்கு வெளியே இருந்த நடையை மட்டும் ஏன் அவ்வளவு நேரம் கூட்டுகிறார் என்று நான் யோசித்ததே இல்லை.

ஒரு நாள் அலெக்சாந்தர் பாடம். எட்டு வருடம் நடந்து, உலகத்தின் பாதியைக் கடந்து, பியாஸ் நதிக்கரைக்கு வந்தபோது அவன் வீரர்கள் இனி ஓர் அடி வைக்க மாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். எங்கள் அப்பா அம்மா உயிரோடு இருக்கிறார்களா என்றுகூடத் தெரியாது, வீட்டுக்குப் போகவிடு என்றார்கள். அலெக்சாந்தர் மூன்று நாள் கூடாரத்துக்குள் முகம் காட்டாமல் இருந்தான். நான்காம் நாள் திரும்பச் சம்மதித்தான். அதோடு பாடத்தை முடித்து, சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டு வெளியே வந்தேன். அஞ்சலை அக்கா துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

“டீச்சர், அந்த ஆளுங்க வீட்டுக்குப் போயிச் சேந்தாங்களா?”

எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. “எங்கேக்கா! போற வழியில பாலைவனம். தண்ணி இல்லாம கொத்துக் கொத்தா செத்துட்டாங்க” என்று நடந்துகொண்டே சொன்னேன்.

நடையின் கோடியில் திரும்பிப் பார்த்தபோதும் அவர் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். துடைப்பம் அசையவில்லை.

மறுநாள் துறைத்தலைவரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவர் கையிலிருந்த தேநீரை மேசைமேல் வைத்தார். “உமக்குத் தெரியாதோ? அவவின்ரை புருசனை யப்பான்காரன் சண்டைக் காலத்திலை சயாம் காட்டுக்குள்ளை போட்ட றெயில்பாதை வேலைக்குக் கொண்டு போனவன். கலியாணம் முடிஞ்சு ஒரு வருசமும் இல்லை. திரும்பி வரேல்லை. செத்ததெண்டும் ஒருத்தரும் வந்து சொல்லேல்லை.”

அந்தப் பெரிய பொட்டு அப்போதுதான் என் கண்ணில் பட்டது என்று சொல்லலாம்.

அதற்குப் பிறகு நெப்போலியன் வந்தான். மாஸ்கோவிலிருந்து பனியில் திரும்பி நடந்த படையைப் பற்றிச் சொன்னேன். முன்பெல்லாம் அந்தப் பாடத்தில் நான் நெப்போலியனின் முகத்தைத்தான் வர்ணிப்பேன். அன்று காலில் துணி சுற்றிக்கொண்டு நடந்தவர்களைப் பற்றியே பேசினேன், ஜன்னலுக்கு வெளியே இருந்த ஆளுக்காக. வகுப்பு முடிந்ததும் அவர் உள்ளே வந்து, கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

“டீச்சர், நம்ம ஆளுங்க சயாமுக்குப் போன பாடம் எப்ப வரும்?”

பாடத்திட்டத்தில் அது இல்லை. ஜப்பானியர் ஆட்சி என்று இரண்டு பக்கம் இருந்தது. அதில் எந்தத் தளபதி எந்தக் கடற்கரையில் இறங்கினான், சிங்கப்பூர் எப்படி விழுந்தது என்றெல்லாம் இருந்தது. தாய்லாந்துக் காட்டில் போட்ட அந்தச் சயாம் ரயிலைப் பற்றி ஒரு சொல் கிடையாது. அதைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவர் கை பலகையிலேயே நின்றுவிட்டதைப் பார்த்துவிட்டு என்னால் சொல்ல முடியவில்லை.

“அடுத்த வருசம் வரும்க்கா” என்றேன்.

என் முப்பது வருட வேலையில் நான் செய்த பெரிய தவறு எது என்று கேட்டால், தவறான ஆண்டைச் சொன்னதையோ, வரைபடத்தைத் தலைகீழாக மாட்டியதையோ சொல்ல மாட்டேன். இந்த மூன்று சொற்களைத்தான் சொல்வேன்.

அடுத்த வருடம் பள்ளி திறந்த முதல் வாரமே வந்து கேட்டார். “இந்த வருசந்தானே டீச்சர்? எந்த மாசம்னு சொல்லுங்க. அன்னிக்குக் கக்கூஸ் கழுவுற வேலைய காலையிலேயே முடிச்சிட்டு வாரேன்.” நான் பாடத்திட்டம் மாறிவிட்டது, தள்ளிப்போயிருக்கிறது என்று உளறினேன். அவர் நம்பினார். “சூசாவா, கஷ்டமா இருந்தா வேணாம் டீச்சர். மெதுவா வரட்டும். நான் இருப்பேன்ல” என்றார். முப்பது வருடத்துக்கு மேலாகக் காத்திருப்பவருக்கு இன்னொரு வருடம் பெரிதாகப் படவில்லை. எனக்குத்தான் அது பெரிதாகப் பட்டது.

பாடம் இல்லையென்றால் நானே ஒன்று தயாரிப்பது என்று முடிவு செய்தேன். ஆனால் எனக்கு எதுவுமே தெரியாது. பட்டம் வாங்கியவள், பிரெஞ்சு மன்னனின் தலையை வெட்டிய கதையை நாள் நாளாகச் சொல்வேன், பக்கத்துத் தோட்டத்திலிருந்து வண்டி வண்டியாக ஆட்களை ஏற்றிப்போனதைப் பற்றி ஒரு பக்கம் எழுத முடியவில்லை. அப்பாவைக் கேட்கலாம் என்று தோன்றியது. அப்பா தெலுக் ஆன்சன் பக்கம் ஒரு தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். ஆபீசில் கணக்கு, ஆட்களின் பெயர் எழுதும் செக்ரோல் எல்லாம் அவர் பொறுப்பு. நான் தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பிள்ளைகளோடு விளையாடாமல், கிராணி வீட்டு வேலிக்குள்ளேயே வளர்ந்தவள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அப்பா பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார்.

“அப்பா, ஜப்பான்காரன் காலத்துல சயாமுக்கு ஆள் அனுப்புனாங்களே, யார் யார் போகணும்னு எப்படி முடிவு பண்ணாங்க?”

“ஜப்பான்காரன் இத்தனை பேர் வேணும்னு கேப்பான். அனுப்பணும்.”

“பேர் யார் எழுதிக் கொடுக்குறது?”

பத்திரிகை இறங்கவே இல்லை. அதற்குப் பின்னாலிருந்துதான் குரல் வந்தது. “கிராணிதான்.”

“நம்ம தோட்டத்துல?”

“நான்தான் எழுதினேன்.”

 அப்பா பத்திரிகையை மடித்தார். மடித்ததை மறுபடி மடித்தார். “மூணு மாசத்துல திரும்ப வந்துருவாங்கன்னு சொன்னான்மா. சம்பளம் உண்டு, அரிசி உண்டுன்னு சொன்னான். குழந்தை குட்டி இல்லாதவனாப் பாத்துத்தான் எழுதினேன். புதுசா கல்யாணம் ஆனவன், ஒண்டிக்கட்டை… அதுதான் நியாயம்னு நெனச்சேன். நான் எழுதலேன்னா என் பேரை வேற எவனாச்சும் எழுதியிருப்பான்.” பத்திரிகையை ஓரமாக வைத்துவிட்டு, “பதினெட்டுப் பேர். ஒருத்தன் வந்தான். ஹுத்தான் மெலிந்தாங்ல இருக்கான். நான் போயிப் பாத்ததில்ல” என்றார்.

அடுத்த ஞாயிறு நான் போனேன்.

கடலோரத்துத் தென்னந்தோப்பில் ஒரு பலகை வீடு. அறுபது வயதுக்காரர் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். இன்ன கிராணியின் மகள் என்று சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் அவரிடம் கேட்கப் போகிற விஷயத்துக்கு அதை மறைப்பது சரியாகப் படவில்லை. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “உக்காருங்க” என்றார். மனைவியிடம் கோப்பி போடச் சொன்னார்.

நிறையப் பேசவில்லை. கூட்ஸ் வண்டியில் உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே போனது, அப்புறம் நாள் கணக்காக நடந்தது, மழை, வாந்திபேதி, காலையில் பக்கத்தில் படுத்திருந்தவனை எழுப்பினால் விறைத்திருப்பது. இதையெல்லாம் வேறு யாருக்கோ நடந்த மாதிரி சொன்னார். ஒரே ஒரு இடத்தில் கை நின்றது.

“சாயந்தரம் வேலை முடிஞ்சதும் ஒவ்வொருத்தனும் அவன் எஸ்டேட்டு பேரு, பொண்டாட்டி பேரு, புள்ள பேரு சொல்லுவான். எவன் திரும்பிப் போறானோ அவன் போயி சொல்லணும்னு. நானும் சரி சரின்னு எல்லாருக்கும் சொன்னேன். அம்பது பேருக்கு மேல இருக்கும். திரும்பி வந்து பாத்தா ஒரு எஸ்டேட்டு பேருகூட ஞாபகத்துல இல்ல டீச்சர். காய்ச்சல்ல எல்லாம் போயிருச்சு. அம்பது பேரு என்னைய நம்பிச் செத்திருக்கான்.”

நான் அஞ்சலை அக்காவின் கணவரைப் பற்றி விசாரித்தேன். அவர் பெயர் எனக்குத் தெரியாததால் தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். கண்ணை மூடி யோசித்தார். தெரியவில்லை என்றார். அப்போது நான் வெட்கமில்லாமல் ஒன்று கேட்டேன்.

“அண்ணே, பாத்தேன்னு ஒரு வார்த்தை சொல்ல முடியுமா? அந்தம்மா முப்பது வருசமா எந்தச் சேதியும் இல்லாம இருக்காங்க.”

“சொல்லலாம் டீச்சர். பொய்தானே, வாயில வந்துரும். ஆனா அந்தம்மா அடுத்தாப்புல, கடைசியா என்ன சொன்னாருன்னு கேக்கும். அதுக்கு நான் என்னா சொல்லட்டும்?”

கோப்பியைக் குடித்துவிட்டு எழுந்தேன். கிளம்பும்போது ஒரு சாக்கில் பத்துத் தேங்காய் கட்டிக் கொடுத்தார். “கிராணிக்குக் குடுங்க” என்றார். அதில் கோபம் இருந்ததா, மன்னிப்பு இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அப்பா அந்தத் தேங்காய்களைத் தொடவில்லை.

பாடம் தயாரானது. ஒரு வியாழக்கிழமை மதியம் என்று அஞ்சலை அக்காவிடம் சொல்லிவிட்டேன். புதன்கிழமை மாலை தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். மதிய வகுப்பைப் பற்றி யாரோ புகார் எழுதியிருக்கிறார்களாம். நாளைக்குக் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து வகுப்பில் உட்காருவார். “அட்டவணைப்படி நாளைக்கு என்ன?” என்று கேட்டார். “வியன்னா மாநாடு” என்றேன். நெப்போலியனைத் தோற்கடித்த மன்னர்கள் ஒன்றுகூடி ஐரோப்பாவைப் பங்கு போட்டுக்கொண்ட பாடம். “அதையே நடத்துங்க. ஒரு எழுத்து மாறக்கூடாது” என்றார்.

அஞ்சலை அக்காவைத் தேடிப் போனேன். வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்.

வியாழன் மதியம் வகுப்புக்குள் போனேன். இருபத்திரண்டு பிள்ளைகள். பின்பக்கம் நாற்காலியில் அதிகாரி. தமிழர்தான். மடியில் பதிவேடு. வாசலில் அஞ்சலை அக்கா. அன்று அரைநாள் விடுப்பு எடுத்திருக்கிறார். வெளுத்து மடித்த சேலை, தலையில் மல்லிகை. தீபாவளிக்குக்கூட அவர் பூ வைத்து நான் பார்த்ததில்லை.

என் கையில் வியன்னா குறிப்புகள் இருந்தன. உங்களில் யாராவது இப்படி ஒரு வாசலைப் பார்க்க நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. இந்த வகுப்பு மூடப்பட்டால் இழப்பு எனக்கு இல்லை, அந்த இருபத்திரண்டு பேருக்கு. அவர்களில் பாதிப் பேருக்கு அந்த ஆண்டு தேர்வு. இது எல்லாமே எனக்குத் தெரிந்திருந்தது. இன்னொரு வருடம் என்று சொன்னால் அக்கா அதையும் நம்பிவிடுவார் என்பதும் தெரிந்திருந்தது. அந்த நம்பிக்கைதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

“உள்ள வந்து உக்காருங்கக்கா” என்றேன். குறிப்புகளை மேசைமேல் கவிழ்த்து வைத்தேன்.

நான் மன்னரிலிருந்து தொடங்கவில்லை, தளபதியிலிருந்தும் தொடங்கவில்லை. ஒரு தோட்டத்து ஆபீசிலிருந்து தொடங்கினேன். ஒரு தாள், ஒரு பேனா, இத்தனை பேர் வேண்டும் என்று வந்த உத்தரவு. “ஒரு தோட்டத்துல அந்தப் பேரையெல்லாம் எழுதினவரு எங்கப்பா” என்றேன்.  நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தேன். பிறகு வண்டி, நடை, மழை, மாலையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட பெயர்கள். நாற்பது நிமிடம்.  “எங்க தாத்தாவும் போனாராம் டீச்சர்” என்று ஒருத்தி சொன்னாள். “எங்க பெரியப்பா” என்றான் இன்னொருவன். அவர்கள் வீடுகளில் இது இருந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் சொல்லக்கூடிய விஷயம் என்று யாரும் நினைத்ததில்லை.

முடித்ததும் அஞ்சலை அக்கா எழுந்து நின்றார், மாணவி மாதிரி.

“டீச்சர், அவரு பேரைப் பலகையில எழுதுவீங்களா?”

“சொல்லுங்கக்கா, எழுதுறேன்.”

சொல்லவில்லை. கணவன் பெயரை அவர் வாயால் சொல்லிப் பழக்கமில்லை. சங்கடமாகச் சிரித்தார். “முருகனுக்கு எத்தன மொகம்?” என்று முன்வரிசையைப் பார்த்துக் கேட்டார்.

“ஆறு!” என்று வகுப்பே கத்தியது.

“அதான்” என்றார் அக்கா. முகம் சிவந்துவிட்டது.

ஆறுமுகம் என்று எழுதினேன். வெள்ளைச் சாக்பீஸில், பெரிதாக. காலை வகுப்பு ஆசிரியர் எழுதி அழிக்காமல் விட்டிருந்த ரஷ்ய மன்னரின் பெயர் பக்கத்தில் இருந்தது. அஞ்சலை அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. கிட்டே வந்து அந்த எழுத்துகளை இடமிருந்து வலமாகப் பார்த்தார். “இவ்வளவு நீளமா?” என்றார். தொடப் போய், அழிந்துவிடும் என்று கையை எடுத்துக்கொண்டார். அப்புறம் என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

“எங்க கிராணியும் நல்ல மனுசன்தான் டீச்சர்.”

நான் ஆறுதலாக எடுத்துக்கொள்ளப் பார்த்தேன். முடியவில்லை.

அதிகாரி பதிவேட்டில் இரண்டு வரி எழுதினார். பாடத்திட்டத்துக்கு வெளியே கற்பிக்கப்பட்டது, வகுப்பு நிறுத்தப்படலாம். என் முன்னாலேயே எழுதி, என்னிடம் காட்டிக் கையெழுத்து வாங்கினார். கெட்டவர் இல்லை, நடந்ததைத்தான் எழுதினார். போகும்போது பலகையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

திங்கட்கிழமை வகுப்பு மூடப்பட்டது. துறைத்தலைவர் என்னைப் பாராட்டுவார் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்திருந்தேன் போல. அவர் கேட்டது ஒன்றுதான். “பிள்ளையளின்ரை சோதனைக்கு என்ன செய்யப் போறீர்?” அந்த ஆண்டு முழுவதும் சனிக்கிழமைகளில் சிம்பாங் பூலாய் பக்கத்துத் தோட்டத்துக் கோயில் கொட்டகையில் போய்ப் பாடம் சொன்னேன். எல்லாராலும் அங்கே வர முடியவில்லை. இரண்டு பேர் வரலாற்றில் தேறவில்லை. அதில் ஒருத்தியின் அப்பா பள்ளிக்கு வந்து, “நீங்க நல்லா சொல்லிக் குடுப்பீங்கன்னு புள்ள சொல்லுச்சே டீச்சர்” என்றார், திட்டாமல். நான் செய்தது சரி என்று உங்களிடம் சொல்ல வரவில்லை. அந்த இரண்டு பேரின் முகமும் எனக்கு மறக்கவில்லை. மறுபடி அந்த வாசல் எதிரே வந்தால் நான் வேறு மாதிரி செய்வேன் என்றும் சொல்ல முடியவில்லை.

அதற்குப் பிறகு அஞ்சலை அக்கா பாடம் கேட்க நிற்கவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது ஒரே பாடம்தான், அது வந்துவிட்டது. நடையைச் சீக்கிரமே கூட்டிவிட்டுப் போய்விடுவார். நான்தான் பேச்சை நடுவில் நிறுத்தி ஜன்னலைப் பார்ப்பேன். ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியிருக்கிறேன். அந்த மாதிரி ஒரு காது பிறகு எனக்குக் கிடைக்கவில்லை. அந்த ஏக்கம் இன்னும் இருக்கிறது.

சில வருடம் கழித்து அவர் வேலையை விட்டுவிட்டு, தம்பி மகனோடு தெலுக் ஆன்சனுக்கு, பிற்பாடு தெலுக் இந்தான் என்று பெயர் மாறிய ஊருக்குப் போய்விட்டார். எண்பதுகளின் நடுவில், பள்ளி விடுமுறையில், ஒரு தடவை போய்ப் பார்த்தேன். ஆற்றை ஒட்டிய கம்பத்துக் கிராமத்தில் சின்ன வீடு. அறுபதைத் தாண்டியிருந்தார். பொட்டு அதே அளவில்தான் இருந்தது. கண் கொஞ்சம் மங்கல். என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். பள்ளிக்கூடம், பிள்ளைகள், யார் யாருக்குக் கல்யாணம் ஆனது என்று எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு ஆற்றின் பக்கம் திரும்பினார்.

“டீச்சர், நீங்க வருசக் கணக்கெல்லாம் கரெக்டா சொல்வீங்க. அவரு போறப்ப இருபத்து மூணு. இப்ப என்ன வயசு இருக்கும்?”

மனதுக்குள் கூட்டினேன். “அறுபத்தாறுக்கா.”

“அறுபத்தாறா?” அவர் அதை எதிர்பார்க்கவில்லை. வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். “அப்ப முடியெல்லாம் நரைச்சிருக்கும். பல்லு போயிருக்கும். கம்பு ஊனிக்கிட்டு நடந்தாலும் நடப்பாரு.”

“இருக்கும்க்கா.”

“எனக்கு அந்த இருபத்து மூணு வயசு ஆளைத்தான் தெரியும் டீச்சர். இத்தன வருசமா பஸ்டேசன், பாசார், கோயில்னு எங்க போனாலும் சின்ன வயசு ஆளுங்க மொகத்தையேதான் பாத்துக்கிட்டு வந்திருக்கேன். கெழவனுங்களை நான் பாக்கவே இல்லையே.” அவர் என் கையை இறுக்கினார். “பக்கத்துல வந்து உக்காந்திருந்தாக்கூட நான் நகந்துதானே போயிருப்பேன்?”

அவர் கணவர் இருக்கமாட்டார் என்று நான் சொல்லவில்லை, இருப்பார் என்றும் சொல்லவில்லை. அவர் கையை விடாமல் உட்கார்ந்திருந்தேன். அது ஒன்றைத்தான் நான் அந்த வேலையில் கற்றுக்கொண்டிருந்தேன்.

மதியம் ஈப்போ பஸ்ஸில் ஏறினேன். அடுத்த நிறுத்தத்தில் ஒரு கிழவர் ஏறி என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். வெள்ளை வேட்டி, மடியில் துணிப்பை. வழக்கமாக நான் ஜன்னல் பக்கம் திரும்பிப் புத்தகத்தைத் திறந்துவிடுவேன்.

“ஐயா, உங்க பேரு?” என்று கேட்டேன்.

ஆச்சரியமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார். வேறு பெயர்தான். எந்தத் தோட்டம் என்று கேட்டேன். கம்பார் வந்து, கோப்பேங் வந்து, ஈப்போ வரும்வரை அவர் சொல்லிக்கொண்டே வந்தார். இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை என்றார்.